ஜூனில் வரைந்த தோட்டம்

எங்கள் வீட்டை யாரும் இடித்துவிடக் கூடாது என்பதற்காக நானே அதில் பாதியை இடித்தேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களும் ஒரு ஜூன் மாதத்தில் உட்கார்ந்து ஒரு தோட்டத்தை வரைந்து பார்க்கட்டும்.

டெல்லி ஜனக்புரியில் பூங்காவைப் பார்த்த தெரு எங்களுடையது. தெருவில் தரையோடு ஒட்டி நிற்கும் பழைய வீடுகள் இப்போது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நாலு மாடியாகி, கண்ணாடிக் கைப்பிடியும் தங்க நிற கேட்டுமாக, கல்யாண மண்டபமா பல் ஆஸ்பத்திரியா என்று சந்தேகப்படும்படி நிற்கின்றன. இந்த ஊரில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பழைய வீட்டை பில்டரிடம் கொடுத்தால் அவர் இடித்துத் தள்ளிவிட்டு நாலு மாடி கட்டுவார். ஒன்றோ இரண்டோ மாடி நமக்கு, மீதி அவருக்கு. தரையில் கார் நிற்கும். தோட்டம் என்ன ஆகும் என்று கேட்டால், அந்தக் காருக்குப் பக்கத்தில் இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்பார்.

எங்களுக்கென்று ஒரு பில்டர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் இனிப்புப் பெட்டியோடு வந்து, "அங்கிள்ஜி, சோச்சா ஆப்னே?" என்று, யோசித்தீர்களா என்று விசாரித்துவிட்டுப் போவார். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளியே ஓய்வு பெற்றவர். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "பாப்போம்" என்பார். பில்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார், நான் மறுப்பாக எடுத்துக்கொள்வேன், அம்மா இனிப்பை எடுத்துக்கொள்வாள்.

புனேயில் இருக்கும் அண்ணன் வீடியோவில் வந்து, "லிஃப்ட் வருது, பார்க்கிங் வருது, இன்னும் என்ன வேணும்?" என்று கேட்ட அன்று அப்பா முதல் முறையாக, "சரிதான் போல" என்றார். நான் பிறந்ததிலிருந்து இருக்கிற ஒரே முகவரி இது. வேலையும் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அந்தக் கொய்யா மரத்தை ஜன்னல் வழியாகப் பார்க்காமல் எந்த மீட்டிங்கையும் என்னால் தாங்க முடியாது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்கப்பா," என்றேன். "அதுக்குள்ள இந்த வீட்டைச் சரி பண்ணிக் காட்டுறேன். அப்புறம் உங்களுக்கே கொடுக்க மனசு வராது."

"பாப்போம்," என்றார் அப்பா.

"ஒழுகுத குழாய அடைச்சாப் போதும் பிள்ள. அதுக்கு மேல ஒண்ணுஞ் செய்யாத," என்றாள் அம்மா.

அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அம்மா. எந்த நோயாளியைத் தொட வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். நான் அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

நான் கேட்டது ஃபோன் பேச்சை. ஒரு மாதம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். சென்னை, கோவை, காரைக்குடிப் பக்கத்து வீடுகள். பூப்போட்ட ஆத்தங்குடித் தரை, பூசாத செங்கல் சுவர், சங்கிலி ஊஞ்சல், முற்றத்தின் மேல் நிழல். பேசுகிற எல்லோரும் ஒரே குரலில், "நம்ம மண்ணுக்கேத்த வீடு" என்றார்கள். நானும் நெஞ்சு விம்மி, ஆமாம், நம்ம மண் என்றேன். என் மண் யமுனைக்கரைப் புழுதி என்பதும், நான் தமிழ் எழுத்துக் கற்றதே இதே ஜனக்புரிப் பள்ளியில் என்பதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

வேலையை மொத்தமாக எடுத்துச் செய்பவரை இங்கே டேக்கேதார் என்போம். எங்கள் டேக்கேதாருக்கு முடியாது என்ற சொல்லே தெரியாது. எதைச் சொன்னாலும் "ஹோ ஜாயேகா மேடம்", ஆயிடும் மேடம். சுவரில் பூச்சை உரித்துச் செங்கல் தெரியட்டும் என்றபோது மட்டும் கொஞ்சம் தயங்கி, அம்மாவிடம் தனியாகப் போய், "ஆண்ட்டிஜி, காசு பத்தலேன்னா பூச்சு வேலைக் கூலிய நான் பொறவு வாங்கிக்கிடுதேன்" என்ற அர்த்தத்தில் இந்தியில் ஏதோ ஆறுதல் சொல்லியிருக்கிறார். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆத்தங்குடிக் கல் லாரியில் வந்து இறங்கிய அன்று பேசினாள்.

"இது எந்த ஊரு வழக்கம்?"

"செட்டிநாடும்மா. நம்ம பாரம்பரியம்."

"செட்டிநாட்டுக்கும் நமக்கும் என்னட்டி? நமக்குத் திருநெல்வேலிப் பக்கம். எங்க வீட்டுல சாணி மெழுகின தரை. அதையும் கொண்டாந்து போடுதியா?"

"அம்மா, இது வேர்."

"வேரு செடிக்கு. எனக்கு மாடுலர் கிச்சன் வேணும்னு எத்தன வருசமாச் சொல்லுதேன்? அடுத்த வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டி வீட்டுல இழுத்தா சத்தமே இல்லாம மூடுது. இங்க ஒரு டப்பாவ எடுக்கதுக்குள்ள நாலு டப்பா தலையில விழுது. சவத்த, இவ ஊஞ்சலக் கொண்டு வந்து மாட்டுதா."

ஊஞ்சல் மாட்டினேன்தான். கூடத்தின் நடுவில். அதில் ஆடியவர் யாருமில்லை. அப்பா இரண்டு தடவை முட்டியில் இடித்துக்கொண்டார். அம்மா அதில் துவைத்த துணியைப் போட்டுக் காற்றாடியைச் சுழலவிட்டாள். பாரம்பரியத்தில் பனியன் காய்ந்தது.

என் உண்மையான சாதனை தோட்டம். வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டு நிலம். மூலையில் கொய்யா, சுவரோரம் துளசியும் செம்பருத்தியும், குறுக்கே ஒரு கொடிக்கயிறு, நடுவில் அப்பா வருஷக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து வழுக்கையாக்கின ஒரு வட்டப் புல்தரை. கொடிக்கயிறை அறுத்தேன். வழுக்கையில் கல் பாவினேன். அதற்கு மேல் ஒரு பெர்கோலா வரைந்தேன். இரும்புக் கால்கள், மேலே மரப்பலகைகள், பலகைக்குப் பலகை இடைவெளி, கொடி படர்ந்து நிழல் விழும்.

வரைந்தது ஜூனில். அந்த மாதத்தில் டெல்லியில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். அனல்காற்று அடிக்கும்போது ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. வெயில் என்றாலே ஒரு எதிரி நாட்டுப் படை. அதைத் தடுத்து நிறுத்துவதைவிட ஒரு மனிதப் பிறவி செய்யக்கூடிய நல்ல காரியம் வேறெதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டேக்கேதார் படத்தைப் பார்த்தார். "மேடம், இடைவெளி விட்டா புறா வரும். மேலே உக்காந்து கீழே..." என்று கையால் மீதியைக் காட்டினார். "ஃபுல் ஷீட் போடறேன். மரம் மாதிரியே இருக்கும். ஒரு சொட்டு வெயில் வராது."

"ஒரு சொட்டுகூடவா?"

"கேரண்டி."

இந்த ஊரில் கட்டட வேலையில் காப்பாற்றப்பட்ட ஒரே வாக்குறுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

வேலை முடிய அக்டோபர் ஆனது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். இதயம் இதயமாக வந்து விழுந்தது. அப்பா புதுக் கூரைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "மூடி நல்லாருக்கு" என்றார். அவர் கடைசி வரை அதை மூடி என்றுதான் சொன்னார். அம்மா கொட்டகை என்றாள். பெர்கோலா என்று சொன்னவர்கள் நானும் டேக்கேதாரும்தான்.

பிறகு நவம்பர் வந்து, வழக்கம் போல் காற்று கெட்டது. பூங்காவின் எதிர்ப்பக்கம் தெரியாமல் புகை நின்றது. டிசம்பரில் ஒருநாள் காற்றடித்துப் புகை கலைந்து, குளிரும் வெயிலும் ஒன்றாக இறங்கின. அன்று காலை ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலை வைத்தேன். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிமேல் நிற்பது போலிருந்தது. காரைக்குடி வெக்கைக்குக் குளுகுளுவென்று இருக்கட்டும் என்று செய்த கல். அது தன் வேலையை டெல்லி டிசம்பரிலும் நேர்மையாகச் செய்தது. அம்மா இரண்டு சாக்ஸ் போட்டாள். அதற்கு மேல் செருப்புப் போட்டாள். பிறகு கடைத்தெருவுக்குப் போய், எடை போட்டு விற்கிற சிவப்புக் கம்பளத்தை வாங்கி வந்து சுவருக்குச் சுவர் விரித்தாள். பூப்போட்ட என் வேர் அதற்கு அடியில் தூங்கப் போயிற்று.

அப்பாவோ காலைச் சாப்பாடு முடிந்ததும் காணாமல் போனார். மூடா என்று நாங்கள் சொல்லும் பிரம்பு முக்காலியைத் தூக்கிக்கொண்டு, பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கேட்டைத் திறந்து போய்விடுவார். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். கன்னம் சிவந்து, முகத்தில் ஒரு திருப்தி. வாயில் வேர்க்கடலை வாசனை.

"எங்கப்பா போறீங்க?"

"சும்மா. இங்கதான்."

பில்டர் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தியிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆள் வராவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு அப்பாவின் பின்னால் போனேன். தெருக்கோடியில் பில்டர் புதிதாகக் கட்டி முடித்த வீட்டுக்குள் அவர் நுழைந்தார். லிஃப்டில் ஏறினார். நான் படியேறி மொட்டைமாடிக்குப் போனால், அங்கே அப்பா சாய்வு நாற்காலியில் கிடந்தார். பேப்பர் முகத்தின் மேல். சாக்ஸைக் கழற்றி, இரண்டு காலையும் வெயிலில் நீட்டி வைத்திருந்தார். பக்கத்தில் டீ, கடலை, வெல்லமும் எள்ளும் தட்டிய கஜக். சுருட்டி வைத்த ஒரு வரைபடம். அதன் மறுமுனையில் பில்டர்.

"ஆவோ பேட்டா," வாம்மா என்றார் பில்டர், சொந்த வீட்டு மாப்பிள்ளை போல.

அப்பா பேப்பரை விலக்கினார். திருட்டுத்தனம் துளியும் இல்லை. "பாப்பா, வா வா. இங்க என்னமா அடிக்குது பாரு."

"வீட்ல தோட்டம் இருக்கேப்பா."

"அங்கதான் மூடி போட்டிருக்கே," என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார்.

பில்டர் வரைபடத்தை என் பக்கம் தள்ளி, "மேல் மாடி எடுத்துக்கச் சொல்லு பேட்டா. சாரா தூப் அங்கிள்ஜிக்கே," என்றார். முழு வெயிலும் அவருக்கே.

கீழே வந்தபோது எனக்கு விளங்கியது இதுதான். அப்பாவை அந்த வீட்டோடு கட்டிப் போட்டிருந்தது கொய்யா மரமோ, நான் வளர்ந்த உயரத்தைப் பென்சிலில் குறித்த கதவோ, வேறு எந்தப் புண்ணாக்கோ இல்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் அந்த வழுக்கைப் புல்தரையில் விழுகிற வெயில். இரண்டு பக்கமும் நாலு மாடி வந்த பிறகும், எதிரே பூங்கா இருப்பதால் எங்களுக்கு மட்டும் மிஞ்சியிருந்த வெயில். அதைத்தான் நான் கேரண்டியோடு அடைத்திருந்தேன். பில்டர் வீட்டைக் கேட்டார். நான் அவருக்கு அப்பாவையே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

உடனே டேக்கேதாருக்கு ஃபோன் போட்டு, இந்தி வழக்கப்படி அண்ணா என்று கூப்பிட்டேன். "பையா, ஜல்தி வாங்க. பெர்கோலாவை வெட்டி எடுக்கணும்."

"மேடம், இப்ப எப்படி? காற்று கெட்டுப் போச்சுன்னு கட்டட வேலை எல்லாத்துக்கும் தடை. வெட்ட முடியாது, இடிக்க முடியாது. மிஷின் சத்தம் கேட்டாலே யாராவது போட்டோ எடுத்துப் போட்டுடுவாங்க."

"எப்ப முடியும்?"

வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவர், "நஹீ ஹோகா" என்றார். முடியாது. அகராதியில் அந்தச் சொல் இருந்திருக்கிறது. எனக்காகத்தான் எடுத்து வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும், ஊருக்குப் போகாத தமிழ்ச் சபைக் குடும்பங்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்து சாப்பிடுவது வருஷா வருஷம் நடக்கிற காரியம். அம்மாவின் பிரியாணிக்காக வருகிறார்கள் என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன்.

வந்தார்கள். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. "அடேயப்பா, எவ்வளவு மாறிட்டு!" என்று கூரையின் இரும்புக் காலைத் தட்டிப் பார்த்தார்கள். கல் பாவிய தரையில் தட்டோடு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஃபோன் வந்தது போல எழுந்து கேட்டுக்கு வெளியே போனார். இன்னொருவர் காரில் எதையோ மறந்துவிட்டார். மூன்றாமவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் தயிர்ப் பச்சடியோடு திரும்பி வந்தபோது தோட்டத்தில் அம்மா மட்டும் இருந்தாள். சபை முழுவதும் தெருவில் வெயிலில் நின்று, கார் முகப்பில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து பில்டர் வந்தார். "மெர்ரி கிறிஸ்மஸ்! ரோட்ல எதுக்கு? எல்லாரும் மேலே வாங்க, தூப் சூப்பரா இருக்கு!" என்று கையை விரித்தார். சபை அப்பாவைப் பார்த்தது. அப்பா பிரியாணி அண்டாவைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் அண்டா இரண்டு பேர் கையில் லிஃப்டில் ஏறிப் போயிற்று. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பில்டரின் மொட்டைமாடியில் நடந்தது.

நான் மேலே போய் எட்டிப் பார்த்தேன். "அண்ணாச்சி, யோசிக்காம கையெழுத்தப் போடுங்க. இப்படி ஒரு இடம் கெடைக்குமா?" என்றார் சபை மூப்பர் ஒருவர், கால் எலும்பைக் கடித்தபடி. பில்டர் பணிவாகத் தலை குனிந்தார். அப்பா எல்லோரையும் பார்த்தார். யாரையோ தேடினார்.

"அம்மா எங்க?"

"கீழ. லிஃப்ட்ல ஏற மாட்டாங்களாம்."

ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு நாள் அடைபட்டதிலிருந்து அம்மா எந்த லிஃப்டிலும் ஏறியதில்லை. முட்டி வலியோடு படியும் ஏற முடியாது. நாலாவது மாடியில் முழு வெயிலும் அப்பாவுக்கே என்று பில்டர் சொன்னது முழு உண்மை. அம்மாவுக்கு அதில் ஒரு சொட்டும் கிடையாது. இதை எந்த வரைபடத்திலும் யாரும் குறிக்கவில்லை. நானும் சேர்த்துத்தான்.

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் இறங்கினேன். தோட்டத்தில் அம்மா கொட்டகைக்கு அடியில், இரண்டு சாக்ஸும் சால்வையுமாக, ஆறிப்போன பிரியாணியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"மேல எல்லாருஞ் சாப்பிட்டாவளா?"

"சாப்பிடுதாங்க."

"நீங்க ஏன் வந்திய? நல்ல வெயிலாமே."

"நல்ல வெயில்தான்," என்றார் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார். கல் அப்படிச் சில்லிட்டிருந்தது. அண்ணாந்து பார்த்தார். "பாப்பா, இந்த மூடி ஒட்டினதா, முடுக்கினதா?"

"கால் வெல்டிங். ஷீட் மட்டும் நட்டு போல்ட்டுதான்."

"வெட்டத்தான தடை? கழத்தத் தடை இல்லையே?"

அரசு உத்தரவுகளை வரிவரியாகப் படித்தே தலை நரைத்தவர் அவர். அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். நான் படித்தவள். ஸ்கூட்டரை விற்றபோதும் அதன் ஸ்பேனர் பையை விற்காதவர் அப்பா. உள்ளே போய்க் கோட்டைக் கழற்றி ஊஞ்சலில் போட்டுவிட்டு, அந்தப் பையோடு வந்து ஸ்டூல்மேல் ஏறினார். நான் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு முனையில் ஏறினேன். அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "எடது பக்கம் திருப்புங்க. அது வலது. உங்களுக்கு எடது எதுன்னே தெரியாதா? ஆபீஸ்ல என்னதான் செஞ்சிய?" என்று நர்ஸ் மேற்பார்வை பார்த்தாள். முதல் ஷீட் விலகியபோது வெயில் நேராக அவள் தட்டில் விழுந்தது.

கடைசி ஷீட்டைக் கொய்யா மரத்தடியில் சாய்த்து வைத்த பிறகு, இரும்புச் சட்டம் மட்டும் முட்டாள்தனமாக நின்றது. கொடிக்கயிறு கட்ட வசதியான சட்டம் என்றாள் அம்மா. சபையார் ஒவ்வொருவராக இறங்கி வந்து, வெயில் இங்கேயும் இருப்பதைக் கண்டு, வந்த வேகத்தில் உட்கார்ந்தார்கள். மேலே காற்று அதிகம் என்று அவர்களே குறை சொல்லத் தொடங்கினார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன மூப்பர்தான் முதலில் ஷூவைக் கழற்றினார்.

காலி அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டு பில்டர் வந்து சேர்ந்தார். அண்ணாந்து பார்த்தார். "யே க்யா ஹுவா, அங்கிள்ஜி?" இது என்ன ஆச்சு என்று கேட்டார்.

"கழட்டிட்டோம்."

"அப்போ நம்ம காகிதம்?"

அப்பா கண்ணை மூடி வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். வழக்கமான "பாப்போம்" வரும் என்று காத்திருந்தேன். "ஜூன்ல வாங்க," என்றார் இந்தியில், மிகவும் மரியாதையாக. "ஜூன்ல கேளுங்க. அப்ப எனக்கு இந்த வீடே பிடிக்காது."

பில்டர் என்னைப் பார்த்தார். நான் நட்டுகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். ஜூனில் மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். அவர் போகவுமில்லை, உட்காரவுமில்லை. அண்டாவோடு நடுவில் நின்றார். அம்மா சாக்ஸைக் கழற்றிக் காலை நீட்டியபடி, வார்டில் நோயாளியின் உறவினர்களை விரட்டுகிற அதே இந்தியில் சொன்னாள்:

"பையா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெயில மறைக்கீங்க."